வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பொங்கல் அரிசி அனுப்பலாமா?

தைப்பொங்கல் நெருங்கும்போது நாஞ்சில் நாட்டு விவசாயி வீடுகளில் இப்போது ஒரு புதிய வேலை சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டில் படிக்கும் மகனுக்கோ மகளுக்கோ பெட்டி கட்டும் வேலை அது. பத்தாயத்து நெல்லைக் குத்திய பச்சரிசி இரண்டு படி, சிறுபருப்பு, கருப்பட்டி, ஒரு மஞ்சள் குலை, இடம் இருந்தால் ஒரு சீப்பு மட்டிப்பழம். அந்தப் பக்கம் போகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுகிறார்கள். ஆள் கிடைக்காவிட்டால் பார்சலில் போடுகிறார்கள். சொந்த வயலில் விளைந்ததைப் பிள்ளை பொங்கிச் சாப்பிட வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. ஆனால் அரிசியை அனுப்பக் கூடாது.

காரணம் ஒரு வண்டு. கப்ரா வண்டு என்பது சேமித்து வைத்த தானியத்தைத் தின்னும் பூச்சி. இந்தியத் துணைக்கண்டமே இதன் பூர்வீகம். இதன் புழு சுவர் வெடிப்பிலும் சாக்கு மடிப்பிலும் ஒளிந்துகொண்டு, இரை இல்லாமலே வருஷக் கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரண மருந்துக்கும் எளிதில் சாகாது. இந்த வண்டு உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவர அமெரிக்கா 2011ஆம் ஆண்டிலேயே தடை போட்டது. ஆஸ்திரேலியாவும் 2020ல் அரிசி, பயறு வகைகள், வற்றல் மிளகாய் போன்றவற்றைப் பயணிகள் பெட்டியிலும் தபாலிலும் கொண்டுவரத் தடை விதித்தது. கோதுமை ஏற்றுமதி செய்து பிழைக்கும் நாடு அது. அங்கே இந்த வண்டு ஒருமுறை குடியேறிவிட்டால் அதன் தானியத்தை வாங்குகிற நாடுகள் கதவைச் சாத்திவிடும். பூச்சியால் விளைச்சலைப் பறிகொடுத்த விவசாயிக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நாஞ்சில் நாட்டின் ஈரக் காற்றில் கப்ரா வண்டு அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை; அது வறண்ட வெப்பத்தை விரும்புவது. நமது பத்தாயத்தில் இருப்பது அந்துப்பூச்சியும் கூன்வண்டும்தானே என்று ஒருவர் வாதாடலாம். விமான நிலையத்தில் அந்த வாதம் செல்லாது. பொருளை மறைத்து, இருப்பதாகச் சொல்லாமல் போனால் அபராதம் உண்டு. ஆஸ்திரேலியாவில் குற்றம் பெரிதானால் விசாவையே ரத்து செய்யலாம். 2021 முதல் மாணவர் விசாவுக்கும் இது பொருந்துகிறது. இரண்டு படி அரிசிக்காகப் படிப்பைப் பணயம் வைக்கலாமா? பழம், கிழங்கு, விதை எதுவும் பெட்டியில் வேண்டாம். பாக்கெட் செய்த ஏத்தங்காய் உப்பேரி போன்றவற்றைக்கூட, போகிற நாட்டின் விதியைப் பார்த்து, படிவத்தில் எழுதிக் காட்டியே கொண்டுபோக வேண்டும்.

பொங்குவதற்கு அரிசி அங்கேயே கிடைக்கும். புகைமூட்டம் செய்து, சான்றிதழோடு கப்பலில் போன இந்திய அரிசியே பெரும்பாலான நகரங்களில் கடைக்கு வந்துவிடுகிறது. பிலிப்பைன்ஸில் மருத்துவம் படிக்கிறவர்களுக்கு அதுவும் தேவையில்லை. அது நெல் விளையும் தேசம். நாஞ்சில் நாட்டு வயல்களிலும் ஒரு காலத்தில் பேசப்பட்ட ஐ.ஆர். 8 நெல் 1966ல் வெளியானது, மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான். அங்கிருந்து ஐ.ஆர். 8 இங்கே வந்ததை வாங்கிக்கொண்டோம். இங்கிருந்து போன பிள்ளை அங்கே விளைந்த அரிசியில் பொங்கினால் குறை ஒன்றுமில்லை. கனடாவில் 2016ல் நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. டொராண்டோ பக்கம் படிக்கிறவர்கள் பொங்கல் பானையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மற்ற இடங்களில் விடுதி அறையும் கரண்ட் குக்கரும்தான். பால் பொங்கி வழிவதை மட்டும் அவர்கள் மனசுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். குக்கரில் வழியவிட்டால் பியூஸ் போகும்.

அடுத்தது பெரிய செலவு. பிள்ளை இல்லாத பொங்கல் என்ன பொங்கல் என்று சில வீடுகளில் டிக்கெட் எடுத்து வரவழைக்கிறார்கள். பண்டிகைக் காலத்து டிக்கெட் விலை ஏறியிருக்கும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஜனவரி பரீட்சை மாதமும்கூட. வயலை அடகு வைத்தோ பாங்கில் கல்விக் கடன் வாங்கியோ அனுப்பிய குடும்பம் நாலு நாள் பண்டிகைக்காக இந்தச் செலவைச் செய்வது சரியல்ல. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டதும் மாணவர்கள் உடுத்த துணியோடு திரும்பினார்கள். படிப்பு பாதியில் நின்றது, வட்டி நிற்கவில்லை. அப்படி ஒரு நாளுக்குக் கையில் கொஞ்சம் பணம் வேண்டும். இன்னும் சில வீடுகளில் இதற்கு நேர்மாறு: பிள்ளை வரவில்லை என்று முற்றத்தில் அடுப்புக் கூட்டுவதையே விட்டுவிட்டு, உள்ளே காஸ் அடுப்பில் ஒப்புக்குப் பொங்குகிறார்கள். இதுவும் வேண்டாத வேலை. வீட்டில் இன்னும் கிழவியும் சிறுபிள்ளைகளும் இருக்கிறார்கள். மாடு இருந்தால் அதுவும் இருக்கிறது.

கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ஓணத்துக்கும் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கும் இதே சங்கடம்தான்.

நாளைத் தள்ளி வைப்பது குற்றமில்லை என்பதற்கு நாஞ்சில் நாட்டுப் பெண்களே சாட்சி. ஔவையார் நோன்புக்கு மறந்தால் மாசி, தப்பினால் தை, அசந்தால் ஆடி என்று மூன்று மாதச் செவ்வாய்க்கிழமைகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தாழக்குடி ஔவையாரம்மன் கோயிலில் ஆடிச் செவ்வாய்க்குக் கொழுக்கட்டை அவிக்க வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆண்கள் கண்ணில் காட்டாத அந்த நோன்பில் இவ்வளவு இடம் கொடுத்திருக்கும்போது, தைப்பொங்கலைத் தவறவிட்ட பிள்ளைக்கு இன்னொரு நாள் பானை ஏற்றுவதில் என்ன தடை?

எந்த நாளில் என்பதுதான் யோசிக்க வேண்டியது. தஞ்சாவூர்ப் பக்கம் தையில் புது நெல் களத்துக்கு வந்துவிடும். நாஞ்சில் நாட்டில் தைப்பொங்கலன்று கும்பப்பூ பெரும்பாலான வயல்பற்றுகளில் அறுப்புக்கு வந்திராது. மாசியில் வருவதால்தான் அதற்கு அந்தப் பெயர். ஆகவே தை முதல் தேதிப் பானையில் விழுவது பழைய கன்னிப்பூ நெல்லின் அரிசிதான். அன்று ஒருநாள் வந்து போகிற பிள்ளை பானையைப் பார்ப்பான், அறுப்பைப் பார்க்கமாட்டான்.

ஆஸ்திரேலியாவில் படிக்கிறவர்களுக்கு நீண்ட விடுமுறை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அவர்கள் ஊருக்கு வருவதானால் பொங்கலுக்கு ஓடிவந்து ஓடிப்போகாமல், கும்பப்பூ அறுப்பு தொடங்கும் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பா, அமெரிக்கா போனவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடுமுறை. பேச்சிப்பாறை அணையில் வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில் கன்னிப்பூவுக்குத் தண்ணீர் திறக்கிறார்கள். தொளி அடிப்பு, நடவு, களை, மேலுரம் எல்லாம் அந்த மூன்று மாதத்தில் அடங்கும். வருஷத்துக்கு ஒரு டிக்கெட்தான் முடியும் என்றால் அதை இந்த நாட்களுக்கு வைப்பதே லாபம்.

டாக்டராகப் போகிறவனுக்குத் தொளி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வயலில் பெரும்பகுதி வாழையும் தென்னையும் வீட்டுமனையுமாக மாறிவிட்ட ஜில்லா இது. மிஞ்சிய நெல்வயலைப் பாட்டத்துக்கு விடுவதா, விற்பதா, வைத்திருப்பதா என்று நாளைக்குக் கையெழுத்துப் போடப் போகிறவன் இந்தப் பிள்ளைதான். தன் வயலுக்கு எந்த மடையிலிருந்து தண்ணீர் பாய்கிறது, பக்கத்து வயல்காரர் யார், வரப்பு எதுவரை என்று தெரியாதவன் மனைத் தரகர் சொல்லும் விலையை மட்டும்தான் கேட்பான்.

ஆடியில் வருகிறவன் கூடுதலாக இருபது நாள் இருந்தால் போதும். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒருநாள் கூட்டிப்போகலாம். உரக் கணக்கையும் நடவு ஆள் கணக்கையும் அவனையே எழுதச் சொல்லலாம். புறப்படுவதற்கு முந்தின நாள் முற்றத்தில் அடுப்புக் கூட்டிப் பொங்கட்டும். கரும்பு கிடைக்காது, அதனாலென்ன, மட்டிக்குலை இருக்கிறது.