நாலரை மணிப் பாடம்

புனேக்குப் பக்கத்தில் நிக்டி. துக்காராமும் சிவாஜியும் சந்திக்கும் பக்தி - சக்தி சிலைகளுக்குச் சற்றுத் தள்ளி, பிராதிகரண் குடியிருப்பில் ஒரு முதல் மாடி வீடு. ஏப்ரல் கடைசியிலிருந்து அந்த வீட்டில் மாலை நாலரை மணிக்கு டி.வி. அணைக்கப்பட்டுவிடும். எண்பது வயதைத் தாண்டிய பாட்டி, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மகனின் செல்போன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் டிரினிடாடில் காலை ஏழு மணி. ஒன்பதரை மணி நேர வித்தியாசம். போனில் முதலில் கேட்பது சேவல் கூவும் சத்தம். பிறகு பேத்தியின் குரல். "ஆயா, ரெடியா?"

பேத்திக்கு இருபது வயது. வேளாண்மை படிக்கிறாள். கல்லூரி ஏற்பாட்டில் ஒரு செமஸ்டர் படிக்க டிரினிடாடின் செயின்ட் அகஸ்டினில் உள்ள மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தாள். ஜனவரியில் போனவள் ஜூன் 2இல் திரும்ப வேண்டும். பரீட்சை, பெட்டி கட்டுதல், வழியனுப்பு விருந்து என்று எல்லா மாணவர்களுக்கும் கடைசி வாரங்கள் எப்படிக் கழியுமோ அப்படியே அவளுக்கும் கழிந்திருக்க வேண்டும். அப்படிக் கழியாததற்குக் காரணம் ஒரு நோட்டுப் புத்தகம்.

குடும்பம் செஞ்சிப் பக்கம். 1970களில் அப்பா ஆகுர்டி தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்தார். பிம்ப்ரி - சிஞ்ச்வட் பக்கம் அப்படி வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வந்தவர்கள் தமிழ்ப் பத்திரிகையைத் தேடிப் பிடித்துப் படித்தார்கள். அவர்களின் பிள்ளைகள் மராத்தியில் சண்டை போட்டு, இந்தியில் சினிமா பார்த்து, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதினார்கள். வீட்டில் பேசுவதற்குத் தமிழ் உண்டு. சாம்பாரில் உப்புக் குறைவு, மாமா எப்போது வருகிறார் என்ற அளவுக்குப் போதுமான தமிழ். எழுத்து? அப்பா ஒருமுறை ஊரிலிருந்து அரிச்சுவடி வாங்கி வந்தார். அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே அலமாரியில் இருக்கிறது. செஞ்சியில் இருக்கும் அத்தை மகளுக்கு இவள் அனுப்பும் வாட்ஸ்அப் தமிழெல்லாம் ஆங்கில எழுத்தில்தான். பாட்டியும் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. பேத்திக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டதும் இல்லை.

டிரினிடாடுக்கு அவளை இழுத்தது கொக்கோ. செயின்ட் அகஸ்டின் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ள சர்வதேச கொக்கோ மரபணு வங்கியில் சுமார் 2,400 ரகங்களை மரங்களாகவே வளர்த்துப் பாதுகாக்கிறார்கள். 1727இல் தீவின் கொக்கோ மரங்கள் அழிந்துபோய், பின்னர் தென்னமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு ரகத்தோடு மிச்சமிருந்தவை கலந்து பிறந்ததுதான் இன்று சாக்லேட் பிரியர்கள் கொண்டாடும் டிரினிடாரியோ. இதையெல்லாம் அவள் வீட்டுக்கு எழுதினாள். வீட்டாருக்கு அதைவிட அதிகம் சுவைத்தது வேறு செய்திகள். அங்கே பூனா என்று ஓர் ஊர் இருக்கிறது. ஃபைஸாபாத் இருக்கிறது, பாரக்பூர் இருக்கிறது, தெற்குக் கோடியில் கோரமண்டல்கூட இருக்கிறது. காலையில் கடைத்தெருவில் இரண்டு 'பாரா'வுக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பை ஊற்றி 'டபுள்ஸ்' என்று விற்கிறார்கள். நிக்டிக்காரிக்கு வடாபாவ் ஞாபகம் வராமல் என்ன செய்யும்? அப்பாவின் அம்மாவை அங்கே 'ஆஜி' என்கிறார்கள். போஜ்புரி வழியாக வந்த சொல். மராத்தியிலும் அதே ஆஜிதான்.

1845 மே 30 அன்று 'ஃபடெல் ரசாக்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து சுமார் 225 பேரை டிரினிடாடில் கொண்டுவந்து இறக்கியது. அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஐந்து வருட ஒப்பந்தம். 1917 வரை இப்படி அந்தத் தீவுக்கு மட்டும் வந்தவர்கள் ஏறத்தாழ 1,44,000 பேர். பக்கத்து கயானாவுக்கு 1838 தொடங்கி சுமார் 2,39,000 பேர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த பீகார், உத்தரப் பிரதேச ஏழைகள். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏற்றப்பட்டவர்கள் சிறுபான்மை. 'மட்ராஸி' என்று தனியே அடையாளம் காணப்பட்டவர்கள். பாரதியின் கண்ணீர் பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் நம் பாடப் புத்தகத்தில் பிஜி இருக்கிறது. கரீபியனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே நம்மவர்களை நாம் கிரிக்கெட் ஸ்கோர் போர்டில்தான் கண்டுபிடிக்கிறோம். 2012இல் மேற்கிந்தியத் தீவுகளுக்காக டெஸ்ட் ஆட வந்த கயானாவின் வீராசாமி பெர்மால், நம் ஊரில் பிறந்திருந்தால் வீராசாமி பெருமாள். 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமூத்து. அந்த நாட்டு மட்ராஸிகளின் வாழ்க்கையை வைத்து நாவலும் எழுதியவர். பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப்பிலும் மார்ட்டினிக்கிலும் கதை வேறு. அங்கே போனவர்களில் பெரும்பகுதி புதுச்சேரி, காரைக்கால் வழியாகச் சென்ற தமிழர்கள். மாரியம்மன் அங்கே 'மாலியேமன்'. மதுரை வீரன் 'மால்தெவிலன்'. இந்திய வம்சாவளியினரின் பிரெஞ்சுக் குடியுரிமைக்காக ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904இல் தொடங்கிய வழக்கு 1923 வரை இழுத்தது.

எல்லா இடத்திலும் தெய்வம் தங்கிவிட்டது, மொழி போய்விட்டது. டிரினிடாடில் 2011 கணக்கெடுப்பின்படி மூன்றில் ஒருவருக்கு மேல் இந்திய வம்சாவளி. அவர்களில் பெரும்பாலோரின் போஜ்புரியே முதியவர்களோடு முடிந்துகொண்டிருக்கும்போது தமிழுக்கு என்ன வாய்ப்பு?

கயானாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு பூசாரிக் குடும்பம், பல்கலைக்கழகத்திலிருந்து அரை மணி நேர தூரத்தில். 1970களில் கயானா பூசாரிகளின் துணையோடுதான் டிரினிடாடில் காளி கோயில்கள் புதுத் தெம்பு பெற்றன. அப்படிப்பட்ட ஒரு கோயிலுக்கு வகுப்புத் தோழி ஒருத்தி இவளை அழைத்துப் போனாள். வேப்பிலை, தப்பு, எலுமிச்சை, மஞ்சள் தண்ணீர். நிக்டியில் பார்க்காத எதையோ தென்னமெரிக்காவின் விளிம்பில் பார்க்கிறோமே என்று அவள் விழித்துக்கொண்டிருந்தபோது, வீட்டு மூதாட்டி அவளிடம் கேட்டார். "இந்தியாவா? மட்ராஸா? அப்படியானால் படிப்பாயே?"

பேத்தி தலைகுனிந்தாள். தமிழ் படிக்கத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நோட்டு கைக்கு வந்துவிட்டது. நாற்பத்தாறு பக்கம். அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். யாரோ பாடப் பாட, தமிழ் தெரியாத ஒருவர் காதில் விழுந்தபடி எழுதி வைத்த மாரியம்மன் தாலாட்டு. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவள் படித்தாள். அத்தை மகளின் வாட்ஸ்அப்பைப் படிப்பதுபோல. மூதாட்டியின் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பாடி வந்ததற்கு அர்த்தம் தெரிந்த ஒருத்தி முதன்முதலாக அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவளுக்கும் பத்தில் நான்கு சொல்தான் புரிந்தது. மீதியைக் கேட்க நிக்டிக்குப் போன் போட்டாள்.

பாட்டி இரண்டு வரி கேட்டார். மூன்றாவது வரியை அவரே சொன்னார். நாலாவதையும் சொன்னார். டிரினிடாடில் மூதாட்டி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாராம்.

அப்படித் தொடங்கியது பாடம். பேத்தி படிப்பாள், பாட்டி பிரித்துச் சொல்வார், பேத்தி அதை ஆங்கிலத்தில் மாற்றுவாள், மூதாட்டியின் பேரன் எழுதிக்கொள்வான். நோட்டில் 'வெப்பலே' என்று இருந்தது வேப்பிலையானது. 'சம்மேபுரம்' சமயபுரமானது. நாளுக்கு ஒரு பக்கம், சில நாள் ஒன்றரை. மே முதல் வாரம் பரீட்சை தொடங்கியபோது நிக்டியில் அம்மாவுக்குக் கோபம். "மண்ணியல் பரீட்சைய வெச்சிக்கிட்டு மாரியாத்தா பாட்டா?" நியாயமான கேள்வி. மண்ணியலில் மதிப்பெண் சுமார்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினான்காம் பக்கத்தில் தகராறு வந்தது. நோட்டில் உள்ள ஒரு வரி தப்பு என்றார் பாட்டி. ஊரில் பாடும் வரி வேறு, அர்த்தமும் அதில்தான் சரியாக வருகிறது. பூசாரி ஒப்புக்கொள்ளவில்லை. குரு கொடுத்தபடிதான் பாடுவோம், எழுத்தை மாற்றினால் அம்மாள் கோபிப்பாள் என்றார். பேத்தி நடுவில் மாட்டிக்கொண்டாள். பாட்டி சொன்னதை அப்படியே சொன்னால் அங்கே வருத்தம், மழுப்பினால் இங்கே துரோகம். மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் எவருக்கும் தெரிந்த சங்கடம் இது. இரண்டு நாள் பாடம் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பாட்டியே இறங்கி வந்தார். "அவங்க அவங்க பாடறபடியே பாடட்டும் கண்ணு. நூறு வருசமா பாடறாங்க, அவ கேட்டுக்கினுதானே இருக்கா. அர்த்தத்த மட்டும் பக்கத்துல எழுதிக்கச் சொல்லு." செஞ்சித் தமிழில் சொல்லப்பட்ட இந்தத் தீர்ப்பைப் பதிப்பாசிரியர்கள் பலர் கேட்டிருக்கலாம்.

இருபத்தேழாம் பக்கத்தில் பாட்டி நிறுத்திவிட்டார். அம்மை முத்துக்களை இறக்கச் சொல்லி அம்மனைக் கெஞ்சும் இடம். பேத்தி இரண்டு முறை "ஆயா, ஆயா" என்று கூப்பிட்டாள். பாட்டி பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இரவு மகனிடம் சொன்னார். அவருக்கு ஒரு தம்பி இருந்தான். ஆறு வயதில் பெரியம்மை. வேப்பிலையில் படுக்கவைத்து, பதினோரு நாள், ராத்திரி முழுக்க இந்தத் தாலாட்டைப் பாடினார்கள். எட்டு வயதுப் பெண்ணாக இருந்த பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார். பையன் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இதைப் பாடியதே இல்லை. கல்யாணம், நிக்டி, பேரப்பிள்ளைகள் எதிலும் இல்லை. இந்தியாவிலிருந்து பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1977இல் உறுதி செய்யப்பட்டதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. ஐம்பது வயதைத் தாண்டிய மகனுக்குத் தனக்கு இன்னொரு தாய்மாமன் இருந்தார் என்பது அன்று இரவுதான் தெரிந்தது.

மறுநாள் நாலரைக்குப் பாட்டி வந்து உட்கார்ந்தார். "எங்க வுட்டோம்?" என்றார். முத்து இறக்கும் பகுதியை அவரே பாடினார். குரல் இரண்டு இடத்தில் எழும்பவில்லை. டிரினிடாடில் அர்த்தம் கேட்கவில்லை யாரும். தேவைப்படவும் இல்லை போலிருக்கிறது.

மே 30. இந்தியர் வருகை தினம். அங்கே அரசு விடுமுறை. ஊர்வலம், தாசா மேளம், கப்பல் வந்த கதையை நடித்துக்காட்டும் பிள்ளைகள். கரும்பு மட்டும் இல்லை. அரசின் கரோனி சர்க்கரை நிறுவனம் 2003இல் மூடப்பட்டது. 2007இல் தீவின் சர்க்கரை உற்பத்தியே முடிந்தது. எதற்காகக் கடல் கடத்தி ஆட்களைக் கொண்டுவந்தார்களோ அது போய், வந்தவர்கள் இருக்கிறார்கள். அன்று மூதாட்டி வீட்டில் தால்பூரியும் பூசணிக்காயும். சாப்பிட்டுவிட்டு இரண்டு பக்கம் முடித்தார்கள். புறப்படும் நாளன்று கணக்குப் பார்த்தபோது முடிந்தது முப்பத்தொன்று, மிச்சம் பதினைந்து. பேத்தி அவற்றைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். மூதாட்டி அவள் பையில் ஒரு கொக்கோ உருண்டையையும், நிக்டி ஆஜிக்கு என்று ஒரு வெள்ளை முக்காட்டுத் துணியையும் வைத்தார். பாட்டிக்கு முக்காடு போடும் பழக்கம் இல்லை. அது இப்போது செல்போனைச் சாய்த்து வைக்கும் டப்பாவின் மேல் விரிப்பாக இருக்கிறது.

ஜூனில் துக்காராம் பால்கி ஆகுர்டியில் தங்கும் நாள். நிக்டி சாலை முழுக்க வார்க்கரிகள், தாளச் சத்தம், அபங்கம். சன்னலைச் சாத்தினால்தான் போனில் பேசுவது கேட்கும். பேத்தி சாத்தப் போனாள். வேண்டாம், அந்த அம்மாவும் கேட்கட்டும் என்றார் பாட்டி. போனில் சேவல் கூவியது. பூசாரியின் பேரன் கையில் பேனாவோடு வந்து உட்கார்ந்தான்.

"இன்னிக்கு எத்தினாவது பக்கம்?" என்று கேட்டார் பாட்டி.

முப்பத்தெட்டு.