சணலென்னும் பெயரும் சாகுபடித் தேர்வும்

"ஹெம்ப்" என்னும் நார்ப்பயிரைக் குறித்து நிலமுடையோர் விசாரிப்பது இக்காலத்து இயல்பே. வடக்கே உத்தரகண்ட ராஜ்யத்தில் அது சர்க்கார் அனுமதியின்பேரில் பயிராகிறது. அதன் விதையும் எண்ணெயும் உணவுப் பண்டங்களாக 2021-ஆம் ஆண்டில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளில் இடம்பெற்றன. இவற்றைக் கேள்வியுற்ற தென்காசிப் பக்கத்து மிராசுதார் ஒருவர், "எந்த ரகம் நமது நிலத்துக்கு ஏற்றது?" என்று கேட்பாராயின், அக்கேள்விக்கு விடை கூறுமுன் அவர் எந்தச் செடியைக் கருதுகிறார் என்பதை அறிதல் அவசியம்.

ஆங்கில வர்த்தகர் கயிறு திரிக்க உதவிய நார்களுள் பலவற்றையும் ஹெம்ப் என்றே வழங்கினர். மணிலா ஹெம்ப் என்பது வாழையினத்தைச் சேர்ந்தது. சிசல் ஹெம்ப் கற்றாழை இனம். சன் ஹெம்ப் நமது சணப்பு. தக்காண ஹெம்ப் புளிச்சை இனத்துள் ஒன்று. அடைமொழியின்றி ஹெம்ப் என்றால் மட்டுமே அது கஞ்சாச் செடியைக் குறிக்கும். 1753-இல் லின்னேயஸ் என்னும் தாவர சாஸ்திரி கன்னாபிஸ் எனப் பெயரிட்டது இதற்கே. நார் எடுக்கும் ரகமும் போதை தரும் ரகமும் இவ்வொரே இனத்தின் பிரிவுகளாம்.

ரகங்களுக்குள் பேதம் உண்டென்பதில் ஐயமில்லை. உத்தரகண்டத்தில் அனுமதிக்கப்படுவது போதைச் சத்து நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேற்படாத ரகம். ஆயினும் இச்செடியில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் வெவ்வேறாக நிற்பன. மகரந்தம் காற்றிற் பரவி நெடுந்தூரம் செல்லும். ஆகவே அயல் மகரந்தம் கலந்த விதை அடுத்த போகத்தில் எத்தன்மையதாய் முளைக்கும் என்று கண்ணாற் கண்டு சொல்ல இயலாது. அன்றியும், ஐரோப்பிய நார் ரகங்கள் கோடையில் பதினாறு மணி நேரப் பகலுக்குப் பழகியவை. தென்காசியிலோ ஆண்டின் மிக நீண்ட பகலும் பன்னிரண்டே முக்கால் மணியை எட்டுவதில்லை. பகல் குறுகினால் பூக்கும் இயல்புடைய அச்செடி, இங்கே முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடக்கூடும். நீண்ட நாருக்கு அங்கே இடமேது?

குற்றாலத்து மலைச்சரிவில் கும்பினியார் காலத்தில் அந்நிய வாசனைத் திரவியங்கள் வைக்கப்பட்டுப் பயனளித்தன அல்லவா என்பர் சிலர். மெய்யே. ஆனால் ஜாதிக்காயும் கிராம்பும் ஈரமும் நிழலும் மிக்க உஷ்ணப் பிரதேசத்தவை. தம் தேசத்துச் சீதோஷ்ணத்தையே அவை ஈங்கும் கண்டன.

இவை யாவும் ஒருபுறமிருக்க, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா இனத்துச் செடி எதனையும் ஒன்றாகவே கொள்ளும், ரகம் பார்ப்பதில்லை. அனுமதியின்றிப் பயிரிடுவோருக்குப் பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லக்ஷ ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நாருக்கோ விதைக்கோ பயிரிட அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவின்கீழ் சர்க்கார் உத்தரவு வேண்டும். தமது நிலத்தில் இச்செடி சட்டவிரோதமாக வளர்வதைத் தெரிவிக்க வேண்டிய கடமை நிலமுடையவரைச் சார்ந்தது. கிராம உத்தியோகஸ்தருக்கும் அதே கடமை 47-ஆம் பிரிவில் விதிக்கப்பட்டுள்ளது. குத்தகைக்கு விட்ட மலையடிவாரப் புன்செயை ஆண்டுக்கொரு முறையேனும் நேரிற் காணாத சொந்தக்காரர் இதனைச் சிந்திப்பது நலம். அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை: புளிச்சையின் பிளவுபட்ட இலை கஞ்சா இலையை ஒத்திருத்தலால் நிரபராதியான குடியானவர் சங்கடப்பட நேரலாம். புளிச்சையிலை எத்துணை பிளவுபட்டாலும் அடியில் ஒன்றாய் இணைந்திருக்கும். கஞ்சாவில் ரம்பப் பல்லுடைய தனித்தனிச் சிற்றிலைகள் காம்பின் நுனியில் கூடும். பூத்தபின் சந்தேகமே இல்லை. புளிச்சை மலர் அகன்று, வெளிர் மஞ்சளாய், நடுவே செந்நிறமாயிருக்கும்.

ஆதலின் இவ்வட்டாரத்தில் உண்மையாகத் தேர்ந்துகொள்ளவேண்டிய "ஹெம்ப்" சணப்பே. அதனையும் நாருக்கன்றிப் பசுந்தாளெருவுக்கே கொள்ளுதல் உத்தமம். நாருக்கு விட்டால் காய் பிடிக்கும் வரை நிலம் அடைபடும். தண்டுகளைக் குளத்தில் ஊறப்போட்டால் நீரும் கெடும். சிற்றாற்றுப் பாசன நஞ்சைகளில் பிசான அறுவடைக்கும், சாரல் கண்டு தொடங்கும் கார் நடவுக்கும் இடையே நிலம் வாளா கிடக்கிறது. சித்திரை மழையின் ஈரத்தில் ஏக்கருக்குப் பத்து முதல் பதினான்கு கிலோ விதைத்தால், நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில் பூக்குந்தருணம் மடக்கி உழலாம். வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கவர்ந்து அளிப்பதால் யூரியாச் செலவு ஓரளவு குறையும். வரப்புக்கு வரப்பு தழை வெட்டிச் சுமக்கும் கூலியும் மிச்சம்.

எனினும் எல்லா வயலுக்கும் சணப்பே என்று பிடிவாதம் செய்வது தவறு. அது நீர் தேங்கினால் அழுகும். மேட்டு வயலுக்கும் வடிகாலுள்ள இளகிய மண்ணுக்குமே அது தகும். குளத்தை அடுத்த தாழ்ந்த பற்றுக்கும் களர் கண்ட இடத்துக்கும் தக்கைப்பூண்டே சரி. ஏக்கருக்கு இருபது கிலோ விதை வேண்டியிருப்பினும் தழை மிகுதி. ஆடுமாடுகள் கோடையில் கட்டின்றித் திரியும் கிராமங்களிலோ இரண்டும் நிலையா. சணப்பைக் கால்நடை விரும்பித் தின்னும். அங்கே கொழிஞ்சி ஒன்றே காவலின்றி நிற்கும். தழை குறைவுதான். ஆனால் ஒருமுறை காய்த்து உதிர்ந்தால் அடுத்த கோடையிலும் தானே முளைக்கும். வேலி கட்டுமளவு செலவழிக்கவியலாத குடியானவருக்கு இதனினும் மலிவான எரு இல்லை.

கொழிஞ்சி விதையின் தோல் கடினமாகையால் மணலோடு சேர்த்து இடித்துத் தேய்த்தபின்னரே விதைத்தல் வேண்டும். பிசான நெல் நிற்கும்போதே, அறுவடைக்குச் சற்று முன்பு வயலின் ஈரத்தில் தூவிவிட்டால் தனி உழவு தேவையில்லை. சணப்பு விதை வாங்குவோர் சான்று பெற்ற விதையின் நீலச் சீட்டைப் பார்த்து வாங்குக.