அமிழ்ந்தபடியே இயங்கும் விமானநிலையம்

மண் பொறியாளர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒருவர் ஜப்பானின் கன்சாய் விமானநிலையத்தை இழுத்துவிடுவார். "கடலுக்குள்ளே போய் ஏர்போர்ட் கட்டினான், இப்போ மூழ்கிட்டிருக்கு" என்பார். எல்லோரும் சிரிப்போம், காபி வந்துவிடும். அந்தச் சிரிப்பில் நமக்குப் பங்கு இருக்கக்கூடாது என்பது இந்த ஆசிரியரின் கருத்து.

ஒசாகா நகரத்தின் பழைய விமானநிலையமான இதாமியைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. இரைச்சல் தாங்காமல் மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். நரிதாவில் விமானநிலையத்துக்கு நிலம் எடுக்கப்போய் அரசு பட்ட பாடும் கண்முன் இருந்தது. இரவு பகலாக விமானம் இறங்க வேண்டுமென்றால் கடல்தான் வழி என்று முடிவானது. கரையிலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி, ஒசாகா விரிகுடாவில், 18 மீட்டர் ஆழத் தண்ணீரில் ஒரு தீவை எழுப்பி, 1994 செப்டம்பர் 4 அன்று விமானநிலையத்தைத் திறந்தார்கள்.

தண்ணீருக்கு அடியில் சுமார் 20 மீட்டர் இளகிய களிமண். நமக்குப் பழக்கமான வேலைதான். அதில் மணல் வடிகால்கள் இறக்கினார்கள், முதல் தீவுக்கு மட்டும் சுமார் பத்து லட்சம். அந்த அடுக்கு எதிர்பார்த்தபடி வேகமாக இறுகியது. சிக்கல் அதற்குக் கீழே இருந்தது. பல நூறு மீட்டர் ஆழத்துக்குப் பழங்காலக் களிமண்ணும் மணலும் மாறி மாறி அடுக்கியிருந்தன. அவ்வளவு ஆழத்துக்கு வடிகால் இறக்க முடியாது. பைல் அடித்துப் பாறையைத் தொடலாம் என்றால் எட்டும் ஆழத்தில் பாறையும் கிடையாது. முப்பது மீட்டருக்கும் மேல் உயரமாகக் கொட்டிய மண்ணின் பாரம், அந்தப் பழங்களிமண் தன் வாழ்நாளில் அதுவரை சுமந்திராத பாரம்.

கணக்குப் போட்டவர்களை இடறிவிட்டது எது என்று பார்த்தால் நம் எல்லோருக்கும் உறைக்க வேண்டிய ஒன்று தெரிகிறது. களிமண் அடுக்குகளுக்கு நடுவே மணல் அடுக்கு இருந்தால், மேலும் கீழும் தண்ணீர் தாராளமாக வடியும் என்று எழுதிவிட்டுப் போகிறோம். அந்த மணல் அடுக்கு தொடர்ச்சியாக ஓடுகிறதா, இல்லை நடுவில் மெலிந்து அற்றுப்போகிறதா என்பதை இரண்டு போர் லாக் வைத்துச் சொல்ல முடியாது. அற்றுப்போனால் துளைநீர் அழுத்தம் இறங்க வழி தேடிக்கொண்டு வருடக்கணக்காக உள்ளேயே நிற்கும். டெர்சாகியின் புத்தகம் வந்த 1925-லிருந்து இறுகல் சமன்பாடு மாறவில்லை. அதில் நாம் போடும் எல்லை நிபந்தனைதான் ஊருக்கு ஊர் ஏமாற்றுகிறது.

முதல் தீவு கட்டத் தொடங்கியதிலிருந்து சராசரியாக 13 மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கிறது. 2007-ல் ஓடுபாதை திறந்த இரண்டாம் தீவோ இன்னும் ஆழமான தண்ணீரில் நிற்பது. அது 17 மீட்டரையும் தாண்டிவிட்டது. எண்ணைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் திறந்த ஆண்டில் 50 செ.மீ. அளவில் இறங்கிய முதல் தீவு, அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 6 செ.மீ. அளவுக்கு அடங்கிவிட்டது. இரண்டாம் தீவுக்கு இன்னும் பொறுமை வேண்டும்.

இவ்வளவு இறங்கியும், ரென்சோ பியானோ வடிவமைத்த 1.7 கி.மீ. நீள முனையக் கட்டடத்தில் பயணிகள் ஒன்றும் தெரியாமல் நடந்து போகிறார்கள். காரணம், சுமார் 900 தூண்களின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கவும் இரும்புத் தகடு செருகவும் முதல் நாளிலேயே இடம் விட்டிருந்தார்கள். தீவு முழுக்க ஒரே அளவில் இறங்காது, எங்கே எவ்வளவு என்பது தங்களுக்குத் தெரியாது என்பதை அவர்கள் வரைபடத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று வரைபடத்தில் எழுதுவதற்கு நம் ஊரில் எந்த ஆலோசகர் துணிவார்? ஒப்புதல் தரும் அதிகாரியும் அதைக் கையெழுத்துப் போட்டு அனுப்ப மாட்டார். 1995 ஜனவரியில் கோபேயை உருக்குலைத்த நிலநடுக்கத்தையும் இந்த முனையம் பெரிய சேதமில்லாமல் தாங்கிக்கொண்டது.

அடி விழுந்தது வேறு திசையிலிருந்து. 2018 செப்டம்பர் 4, திறந்து சரியாக 24 ஆண்டு நிறைந்த நாள். ஜெபி புயலில் அலை தடுப்புச் சுவரைத் தாண்டி வந்து ஓடுபாதையை மூழ்கடித்தது. முனையத்தின் அடித்தளத்தில் இருந்த மின்சாதனங்களுக்குள் உப்புத்தண்ணீர் புகுந்தது. நங்கூரம் நிற்காமல் அடித்து வரப்பட்ட எண்ணெய்க் கப்பல் கரைக்குப் போகும் ஒரே பாலத்தில் மோதியது. ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் தீவில் மாட்டிக்கொண்டார்கள். தீவு இறங்க இறங்கச் சுவரின் உயரமும் கடலுக்கு எதிரே குறைந்துகொண்டு வரும். மண் பிரிவு அந்த இறக்கத்தை ஆண்டுதோறும் அளந்து வந்தது. ஆனால் மின்பலகையை எங்கே வைப்பது என்ற முடிவில் அந்த எண்ணுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே நமக்குப் படுகிறது. பிறகு சுவர்களை உயர்த்தினார்கள், மின்சாதனங்களுக்கு வெள்ளப் பாதுகாப்பு செய்தார்கள். குறை இருந்தது என்றால் அது இங்கேதான்.

கன்சாயில் நமக்குப் பொறாமை தர வேண்டியது ஜாக்கி அல்ல. ஆண்டுதோறும் குறித்த இடங்களில் மட்டம் எடுக்கிறார்கள், எடுத்ததை ஊரறிய வெளியிடுகிறார்கள். முப்பது வருடமாக நிற்காமல் நடக்கிறது. நம் கடலோரக் களிமண்ணில் ஒரு கரை போட்ட வேலையில் பல வருடம் முன்பு நான் இருந்தேன். அமிழ்வுத் தட்டுகள் பதித்த மூன்றாம் வாரமே டிப்பர் லாரி ஒன்று பின்னுக்கு வந்து அவற்றில் இரண்டின் குழாய்களைச் சாய்த்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமைப் பதிவேட்டில் அந்த இரண்டு தட்டுக்கும் அளவு இருந்தது, அழகான வளைகோட்டில், கணக்கோடு ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல். யார் எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காதது என் தவறு, இன்றுவரை உறுத்துகிறது.

கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதும் தெரியும். அளவு எடுக்க ஒப்பந்தத்தில் தனியாகப் பணம் கிடையாது. எஸ்டிமேட்டில் கடைசி வரியாக, 'இதர செலவுகள்' என்பதற்குள் அது ஒளிந்துகொண்டிருக்கும். வேலையை ஒப்படைத்த மறுநாள் தட்டுகளைப் பார்க்க ஆளே கிடையாது. இறுகல் மட்டும் அடுத்த முப்பது வருடம் நடந்துகொண்டிருக்கும்.

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த எஸ்டிமேட் போடும்போது, ஒப்படைத்த பிறகும் ஐந்து வருடம் மட்டம் எடுப்பதைத் தனி இனமாக, தனித் தொகையோடு எழுதுங்கள். வெட்டினால் வெட்டட்டும், வெட்டியது யார் என்று கோப்பில் இருக்கும். அடுத்து, உங்கள் வேலையில் கணக்குக்கும் அளவுக்கும் ஒத்துப்போகாத அமிழ்வுப் பதிவு இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள். இடத்தின் பெயரை மறைத்துக்கொள்ளலாம், மண் விவரம் போதும். ஒத்துப்போன கணக்குகள் ஏற்கெனவே நிறைய வந்து கிடக்கின்றன. அவற்றை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.