பெட்டி விலையும் பராமரிப்புச் செலவும்

ஸ்டூடியோ, ஸ்கேன் சென்டர், ஆடிட்டர் அலுவலகம் என்று எங்கே போனாலும் இப்போது இந்தப் பேச்சுதான். அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் பெரிய சேமிப்புப் பெட்டியைக் கடையில் வாங்குவதா, ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி நாமே கட்டிக்கொள்வதா? கட்டினால் நல்ல மிச்சம் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்கிறார்கள். காலமெல்லாம் கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு அந்த மிச்சத்தின் மேல் சந்தேகம் உண்டு.

அவர்கள் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் பேக்பிளேஸ் கம்பெனி. 2009-ல் அது ஒரு விலைக் கணக்கை வெளியிட்டது. ஒரு பெட்டாபைட், அதாவது ஆயிரம் டெராபைட் இடத்துக்கு வெறும் டிஸ்க் விலை 81,000 டாலர். (பிரெஞ்சுக்காரர்கள் பைட் என்று சொல்லமாட்டார்கள், ‘ஒக்தே’ என்பார்கள். எனக்கு அதுதான் வாயில் வருகிறது.) தாங்களே செய்த சிவப்புப் பெட்டிகளில் போட்டால் 1,17,000. டெல் கம்பெனியிடம் வாங்கினால் 8,26,000. இஎம்சி என்றால் 28 லட்சத்துக்கும் மேல். 45 டிஸ்க் கொண்ட சிவப்புப் பெட்டி ஒன்றின் அடக்க விலை 7,867 டாலர்தான். வரைபடத்தையும் இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள்.

கணக்கு பொய்யில்லை. ஆனால் அவர்களுக்குச் சொந்தமாக மென்பொருள் இருந்தது, கெட்டுப்போன டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவதே வேலையாக ஆட்கள் இருந்தார்கள். 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி டிஸ்க் விலை எகிறியபோது, கடை கடையாக ஏறி வெளியில் செருகும் டிஸ்க்குகளை வாங்கி, உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஐந்து பேர் வேலை செய்யும் நம்மூர் ஸ்டூடியோவில் இதற்கு யார் இருக்கிறார்கள்? அந்தக் கம்பெனியே பின்னாளில் பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டு டெல், சூப்பர்மைக்ரோ போன்றவர்களிடம் வாங்க ஆரம்பித்துவிட்டது. இதைப் பிள்ளைகள் சொல்வதில்லை!

டெண்டரில் குறைந்த விலைப்புள்ளியைப் பார்த்து வாங்கி, அடுத்த ஆண்டு பராமரிப்புக்கு ஒதுக்கீடு இல்லாமல் தூசி படிந்து கிடந்த சாமான்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்குகிற அன்று தருவது முதல் தவணை மட்டுமே.

இன்னொன்று. 8 டெராபைட் டிஸ்க் நான்கு போட்டால் 32 கிடைக்கும் என்று நினைக்கிறோம். ஒன்று பழுதானாலும் தரவு போகாதபடி அமைத்தால் 24தான் மிஞ்சும். அந்த ஏற்பாடும் டிஸ்க் பழுதுக்கு மட்டுமே காவல். யாராவது தவறி அழித்தாலோ, பணம் பறிக்கும் வைரஸ் புகுந்தாலோ நான்கிலும் சேர்ந்தே போய்விடும். அதனால் இரண்டாவது பிரதி வேண்டும், அதுவும் வேறு கட்டடத்தில். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் புதுச்சேரியில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது மறந்திருக்காது. இரண்டு பெட்டியும் ஒரே மேசைக்கடியில் இருந்தால் இரண்டும்தான் நனையும்.

என் கருத்து இதுதான்: விவரம் தெரிந்த ஆள் ஒருவர் நிரந்தரச் சம்பளத்தில் இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். இல்லையென்றால் உத்தரவாதத்தோடு சாதாரணப் பெட்டியாக வாங்குங்கள். கொள்ளளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, மீதிப் பணத்தில் யுபிஎஸ் ஒன்றும் இரண்டாவது பிரதிக்கு இன்னொரு பெட்டியும் வாங்கி, அந்தப் பெட்டியை உறவினர் வீட்டு மாடியில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பார்க்கும் வேலையை, பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் எழுத்து மூலமாக ஒப்படையுங்கள்.