எடைக்கருவிக்குப் பக்கத்தில் ஒரு இஞ்சி டேப்

2004இல் லான்செட் இதழ் இரண்டு மருத்துவர்களின் படத்தை அருகருகே வெளியிட்டது. ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் டெக்சா ஸ்கேனில் யுட்கினின் உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கினுடையது 21.2.

இந்த வேறுபாடு கருவிலேயே தொடங்கிவிடுகிறது. புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. எடை அவ்வளவு குறைந்தும், தோள்பட்டைக்குக் கீழே தோல்மடிப்பில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது தசையும் உள்ளுறுப்புகளும்தான்.

கைகால் மெலிந்து, தொப்பை மட்டும் முன்தள்ளி வரும் நோயாளியை எல்லா ஓ.பி.யிலும் பார்க்கலாம். பி.எம்.ஐ. 22 என்றால் சீட்டில் 'நார்மல்' என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். ஈரலில் படிந்த கொழுப்பும் ஏறிவரும் சர்க்கரையும் அந்த எண்ணில் தெரியாது. ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின் 2023ஆம் ஆண்டு முடிவுகளில் பி.எம்.ஐ. கணக்குப்படி உடல் பருமன் உள்ளோர் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளோர் 39.5 சதவீதம்.

பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து உடல் பருமனைத் தீர்மானிக்கக் கூடாது. கொழுப்பை நேரடியாகவோ இடுப்பளவு போன்ற அளவைக் கொண்டோ உறுதிசெய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் லான்செட் ஆணையமும் சொல்லிவிட்டது. டெக்சா எல்லா ஊரிலும் கிடைக்காது. மின்தடை முறையில் கொழுப்பைக் கணிக்கும் எடைக்கருவிகள் உடலின் நீர்ச்சத்தை நம்பியிருப்பவை. கால் வீங்கியவருக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கும் அவை காட்டும் எண்ணை அப்படியே ஏற்க முடியாது.

இஞ்சி டேப் போதும். ஆனால் சரியாக அளக்க வேண்டும். பேன்ட் சைஸைக் கேட்டு எழுதுவது அளவாகாது. பெல்ட் கட்டும் இடமும் இடுப்பளவுக்கான இடமல்ல. கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முகட்டுக்கும் நடுவே, துணியை விலக்கி, டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். டேப் சதையை அழுத்தக் கூடாது. அளக்கிறார்கள் என்றதும் பலர் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். பேச்சுக் கொடுத்து, இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் நேரத்தில் படிக்க வேண்டும். பெண்களுக்குத் திரை மறைவும் பெண் செவிலியரும் அவசியம். இவை இல்லாததால்தான் பல இடங்களில் இந்த அளவே எடுக்கப்படுவதில்லை.

இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வரம்பு. உயரத்தில் பாதியை இடுப்பு தொட்டாலே விசாரிக்கத் தொடங்கலாம்: ஹெச்.பி.ஏ.1சி., டிரைகிளிசரைடு, ரத்த அழுத்தம், ஈரல் நொதிகள்.

முதல் வருகையிலேயே இந்த அளவைப் பதிவது இன்னொரு வகையிலும் உதவும். உடற்பயிற்சி தொடங்கியவருக்குக் கொழுப்பு கரைந்து தசை கூடும்போது எடை அசையாமல் நிற்கலாம். "மூணு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கல டாக்டர்" என்று சோர்ந்து வருபவருக்கு இடுப்பு நான்கு சென்டிமீட்டர் குறைந்திருப்பதைக் காட்ட, பழைய சீட்டில் அந்த எண் இருந்தாக வேண்டும்.