பெயரைக் கொடுத்துவிட்டு மதத்தை மறைக்க முடியுமா?

விமானப் பயணியரின் தகவலைப் பிறநாட்டு அரசுகளுடன் பகிர்வதைப் பற்றிக் கேள்வி எழுப்பினால் உடனே வரும் விடை ஒன்றுண்டு: ‘பாதுகாப்புக்காகத்தானே? குற்றம் செய்யாதவருக்கு என்ன அச்சம்?’ இதை மறுக்க ஆவேசம் தேவையில்லை. விதியைப் படித்தாலே போதும்.

2022 ஆகஸ்ட் 8 அன்று மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் பயணியர் பெயர்ப் பதிவுத் தகவல் விதிமுறைகளை வெளியிட்டது. இதன்படி, இந்தியாவுக்கு வரும், இந்தியாவிலிருந்து புறப்படும் பன்னாட்டு விமானங்களின் பயணியர் பதிவுகளை விமான நிறுவனங்கள் தேசிய சுங்க இலக்கு மையத்துக்கு அனுப்ப வேண்டும். பெயர், தொலைபேசி எண், பணம் செலுத்திய அட்டை, உடன் வருவோர், இருக்கை, பயணப் பை, பயண முகவர், ‘பொதுக் குறிப்புகள்’ என அனைத்தும் அதில் அடக்கம். ஐந்தாண்டுகள் அவை சேமிக்கப்படும். அதன் பின்னர் அடையாளம் மறைக்கப்படும். தேவை எனக் கருதினால் அம்மறைப்பை நீக்கவும் இடமுண்டு. இத்தகவலை இந்திய அமைப்புகளுக்கு மட்டுமன்றி, வேறு எந்த நாட்டின் சட்ட அமலாக்க அமைப்புக்கும் அரசுத் துறைக்கும் மையம் வழங்கலாம்.

விதிமுறைகளில் காப்புகளே இல்லை என்று சொல்லமாட்டேன். இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம் ஆகியவற்றை வெளிப்படுத்தும் வகையில் தகவலைக் கையாளக் கூடாது என்று அவை தெளிவாகவே தடுக்கின்றன. தணிக்கையும் உண்டு. ஆனால் இந்தத் தடை பொருளற்றது என்பதே என் வாதம். மொழியியல் பயின்ற எவருக்கும் அதன் காரணம் எளிதில் புரியும்.

நான் வாழும் மட்டாஞ்சேரியை எடுத்துக்கொள்வோம். 1568இல் எழுந்த பரதேசி யூதர் ஜெபக்கூடம், கொங்கணியரின் திருமலைக் கோயில், குஜராத்திச் சமணரின் கோயில், கச் மேமன்களின் பள்ளிவாசல் ஆகிய அனைத்தும் நடைதூரத்தில் உள்ளன. இங்கே ஷெணாய் என்றால் கொங்கணி, சேட் என்றால் மேமன் என்பதை அறிய எவரும் ஆய்வு செய்வதில்லை, பெயரே சொல்லிவிடுகிறது. பெயர் சொல்லாததை உணவுக் குறியீடு சொல்லும். விமான நிறுவனங்களின் வழக்கில் எம்ஓஎம்எல் என்பது இசுலாமிய உணவு, கேஎஸ்எம்எல் யூத உணவு, விஜேஎம்எல் சமண உணவு, ஹெச்என்எம்எல் இந்து உணவு. இத்தகைய சிறப்புச் சேவைக் கோரிக்கைகள் அந்தப் ‘பொதுக் குறிப்புகளில்’தான் இடம்பெறுகின்றன. மதத்தைப் பார்க்காதே என்று ஆணையிட்டுவிட்டு, மதம் எழுதிய தாளையே கையில் கொடுப்பது எவ்வகைக் காப்பு?

அடுத்து, பெயர்களின் பொருத்தம். தமிழரின் தலைப்பெழுத்து முறை, முதற்பெயர் – குடும்பப்பெயர் என்னும் கட்டங்களுக்குள் அடங்காது. ழகரத்தை ஆங்கிலத்தில் இரண்டெழுத்தால் எழுதுவாரும் உண்டு. லகரமாகவே எழுதுவாரும் உண்டு. முகம்மது என்னும் பெயருக்கு எத்தனை எழுத்து வடிவங்கள்! 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள இந்தியர் சுற்றுலா விசாவில் நுழைய முடியாது என ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தந்தை பெயர் கடவுச்சீட்டில் இருந்தால் போதும் எனப் பின்னர் தளர்த்தியது. நம் பெயரிடும் மரபே அயல்நாட்டுக் கணினிக்கு ஐயத்துக்குரியதாகிறது.

பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்த மலேசியர் ரஹீனா இப்ராஹிம், 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் விலங்கிடப்பட்டார். புலனாய்வு அதிகாரி ஒருவர் படிவத்தில் தவறான கட்டங்களைக் குறித்ததே காரணம் என்பதை நீதிமன்றம் 2014இல்தான் உறுதிசெய்தது. அப்பிழை பரவிய எல்லாத் தரவுத்தளங்களிலும் அதைத் திருத்துமாறு அமெரிக்க அரசுக்கு ஆணையிட ஒரு நீதிபதி இருந்தார். நம் தகவல் இன்னொரு நாட்டுக்குச் சென்றபின், அங்கே எட்டும் இந்திய நீதிமன்றம் எது?

ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2396ஆம் தீர்மானம் இத்தகவலைத் திரட்டும் திறனை வளர்க்கச் சொல்கிறது என்பர். உண்மைதான். மனித உரிமைகளை முழுமையாக மதித்தே அதைச் செய்ய வேண்டும் என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. கனடாவுடன் ஐரோப்பிய ஒன்றியம் செய்ய முனைந்த ஒப்பந்தத்தை, அந்த வடிவில் நிறைவேற்ற இயலாது என்று 2017 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. நுண்ணுணர்வுத் தகவலை அனுப்புவதும், நாட்டைவிட்டு வெளியேறிய எல்லாப் பயணியரின் தகவலையும் காரணமின்றிச் சேமிப்பதும் அதன் ஆட்சேபங்களுள் அடங்கும். அதற்கு அடுத்த மாதமே நம் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. ஆனால் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களிக்க இடம் தந்து, அதற்கான காரணங்களுள் ஒன்றாக வெளிநாடுகளுடனான நட்புறவையும் சேர்த்திருக்கிறது. உரிமை குடிமக்களுடையது, நட்பு அரசினுடையது. ஒன்றை விற்று மற்றொன்றை வாங்குவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்ட வேண்டாம்.

எனவே கோருவது மூன்று. உணவுக் கோரிக்கையும் பொதுக் குறிப்புகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும். எந்த நாட்டுக்கு எத்தனை பேரின் தகவல் சென்றது என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். தன் தகவல் பகிரப்பட்டதை, விசாரணைக்கு ஊறு நேராத காலத்தில் பயணி அறியவும், சுங்கத் துறையைச் சாராத ஓர் அமைப்பிடம் முறையிடவும் வழி வேண்டும்.

கருத்தரங்குக்கும் களஆய்வுக்கும் எல்லை கடப்பது நம் தொழிலின் பகுதி. சட்டம், மொழியியல், கணினியியல் துறைகள் சேர்ந்து இவ்விதிமுறைகளை வரிவரியாகப் படித்து வாரியத்துக்கு எழுத வேண்டும். குற்றம் செய்யாதவருக்கு அச்சம் எதற்கு என்று இனி எவரேனும் கேட்டால், ரஹீனா செய்த குற்றம் என்ன என்று திருப்பிக் கேளுங்கள்.