பள்ளிக்கூடத்தில் பிறந்த விதி

மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடும் இந்த வரிக்காக ஜார்ஜ் சைமன் ஓம் தம் வாழ்வின் நடுப்பகுதி முழுவதையும் கொடுத்தார். அதைக் கண்டறிந்தபோது அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். கொலோன் நகரப் பள்ளியொன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்த பின் அவரைப் பற்றிப் பேச இதுவே போதுமான காரணம்.

1789இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஓம். பத்து வயதில் தாயை இழந்தார். தந்தை பள்ளிப்படிப்பு இல்லாதவர்; ஆனாலும் தாமே கணிதமும் அறிவியலும் கற்று, தம் இரு மகன்களுக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். தம்பி மார்ட்டின் பின்னாளில் கணித மேதையானார். அண்ணனுக்குக் கணிதத்தோடு பட்டறையின் கைத்திறனும் வாய்த்தது. வறுமை மட்டும் விடவில்லை. 1811இல் முனைவர் பட்டம் பெற்றும் நல்ல வேலை கிடைக்காமல் அலைந்தார். வடிவியல் குறித்து எழுதிய நூலைப் பிரஷ்ய மன்னருக்கு அனுப்பிவைத்த பிறகே, 1817இல் கொலோன் பள்ளியில் அவருக்கு நல்ல பணியிடம் அமைந்தது.

அந்தப் பள்ளியில் நல்ல இயற்பியல் ஆய்வகம் இருந்தது. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று 1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் காட்டியதும், ஐரோப்பிய ஆய்வாளர்கள் பலரும் மின்சாரத்தின் பக்கம் திரும்பினார்கள். ஓமும் கம்பிகளை எடுத்து அளக்கத் தொடங்கினார். கம்பி நீண்டால் மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது என்பதே அவர் கேள்வி. 1825இல் வெளியிட்ட முதல் விடை பிழையானது. அன்றைய மின்கலங்களின் ஆற்றல் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். எடைக்கல்லே தேய்ந்துகொண்டிருந்தால் நிறுப்பது எப்படி?

இதழாசிரியர் போகன்டார்ஃப் ஒரு வழி சொன்னார்: மின்கலத்தை விட்டுவிட்டு, சீபெக் சில ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்திருந்த, வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துங்கள். ஓம் உடனே ஏற்றார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இரண்டின் வெப்பநிலையும் மாறாது. ஆகவே மின்னழுத்தமும் மாறாது. வெவ்வேறு நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, முறுக்குத் தராசில் தொங்கிய காந்த ஊசியின் விலகலைக் குறித்துக்கொண்டார். எண்கள் ஓர் எளிய சமன்பாட்டில் வந்து பொருந்தின. 1826இல் அதை வெளியிட்டார். தம் பழைய முடிவைத் தாமே திருத்தினார்.

மறு ஆண்டு, விடுப்பில் பெர்லினில் தங்கி விரிவான நூலையும் எழுதினார். பல்கலைக்கழகப் பதவிக்கு அது வழிதிறக்கும் என்று நம்பினார், திறக்கவில்லை. ஜெர்மனியில் கடும் எதிர்ப்பும் எழுந்தது. மனம் கசந்து கொலோன் வேலையைத் துறந்து, பெர்லினில் சொற்ப வருமானத்தில் கணிதம் கற்பித்து ஆண்டுகளைக் கழித்தார். 1833இல் நூரம்பர்க் தொழில்நுட்பப் பள்ளி அவரை ஏற்றது. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உயரிய காப்ளி பதக்கத்தை அளித்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக முழுப் பொறுப்பு கிடைத்தது 1852இல். அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. இரண்டே ஆண்டில், 1854இல் மறைந்தார். 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே முறைப்படி ஏற்றது. அதைக் காண அவர் இல்லை.

தாமதமாக வந்த புகழைப் பற்றி வருந்துவது எளிது. ஆனால் ஓம் வாழ்வில் நாம் கவனிக்க வேண்டியது அதற்கும் முந்தையது. ஒரு பள்ளி தன் ஆய்வகத்தில் தரமான கருவிகளை வைத்திருந்தது. அவற்றைத் தொட்டுப் பயன்படுத்தும் உரிமை ஆசிரியருக்கு இருந்தது. பாட நேரம் போக, சொந்தக் கேள்வி ஒன்றைத் துரத்த அவருக்குக் கொஞ்சம் பொழுதும் கிடைத்தது. பிழையான முதல் விடையைத் திருத்தி வெளியிட இதழ்கள் இடம் தந்தன. தந்தி முதல் இன்றைய மின்னணுக் கருவிகள் வரை ஒவ்வொரு மின்சுற்றின் கணக்கும் இந்தச் சின்ன வசதிகளுக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஓம் விதியைத் தேர்வுக்கான ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் கற்பிப்பது அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பள்ளி ஆய்வகத்தின் பூட்டைத் திறந்துவிடுங்கள். கம்பியையும் அம்மீட்டரையும் மாணவர் கையில் கொடுங்கள். அவர்கள் தவறாக அளக்கட்டும், ஏன் தவறு என்று தேடட்டும், மறுபடியும் அளக்கட்டும்.